சிமெண்டுக்கு அடியில் கிடக்கும் முதற்படி

விழாவுக்குத் தலைமை தாங்கி, கழுத்தில் மூன்று மாலைகளைத் தாங்கி, இனி என் பேச்சையும் தாங்க வேண்டியவராக வீற்றிருக்கும் திருப்பணிக் குழுத் தலைவர் இளையபெருமாள் அவர்களே! இந்தச் சின்னக்குன்று முருகன் கோயிலுக்குச் சலவைக்கல் படி ஒன்றை வழங்கியிருக்கும் அரிசி ஆலை உரிமையாளர் ராஜாராம் அவர்களே! முப்பது ஆண்டுகளாக முருகனைக் குளிப்பாட்டி, முகம் துடைத்து, பொட்டிட்டு வரும் குருக்கள் அவர்களே! முன்வரிசையில் நாற்காலி கிடைத்த பெரியோர்களே! நாற்காலி கிடைக்காததால் சிறியோர் ஆகிவிடாத பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அழுகிற பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! மதிலோரம் நிற்கின்ற, நின்றே பழகிவிட்ட, உட்காரச் சொன்னாலும் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கின்ற என் சகோதரர்களே!

இன்னும் ஒருவருக்கு நான் வணக்கம் சொல்ல வேண்டும். அவர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். அவர் பெயரைக் கடைசியில் சொல்கிறேன்.

நோட்டீசைப் புரட்டிப் பார்க்கிறீர்கள். தேடாதீர்கள், என் பெயர் அதில் இல்லை. திண்டிவனத்திலிருந்து வரவேண்டிய பேச்சாளர் பேருந்தைத் தவறவிட்டார். ஆகவே நான்கு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இதே ஊரில், இதே பள்ளிக்கூடத்தில், இருபத்தாறு ஆண்டுகளாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற விநாயகம் இருக்கிறான் என்பது, பேருந்து போனபிறகுதான் இவர்கள் நினைவுக்கு வந்தது! இந்தக் குழு அமைத்தபோது நினைவுக்கு வரவில்லை. தலவரலாறு அச்சிட்டபோது நினைவுக்கு வரவில்லை. அதில் பக்கத்துக்குப் பத்துப் பிழை. போகட்டும். அதைப் பேச நான் வரவில்லை. ஆனால் மறந்தும் விடவில்லை.

“என்ன பேச வேண்டும்?” என்று தலைவரைக் கேட்டேன். “கோயில் படியோட பெருமையப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்க. அப்பிடியே ராஜாராம் அண்ணனப் பத்தி நாலு வார்த்தை சேத்துக்குங்க” என்றார். கோயிலுக்கு இரண்டு, கொடுத்தவருக்கு நாலு! கணக்கு நன்றாக இருக்கிறது. முதலில் கோயிலுக்கு உரிய இரண்டு வார்த்தையைச் சொல்லிவிடுகிறேன்.

அதோ, எதிரே ராஜகிரி மலைக்கோட்டை நிற்கிறது. ஏறிப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். பலே, நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்தக் கோட்டைப் படிகளை ஏறும்போது உங்கள் முழங்கால் என்ன சொல்லிற்று? ஒரு படி சாண் உயரம், அடுத்த படி முழ உயரம். மேலே வருகிறவன் மூச்சு வாங்க வேண்டும், முழங்கால் நடுங்க வேண்டும், மேலே வந்து சேர்ந்தாலும் வாளைத் தூக்க வலு இல்லாமல் போக வேண்டும். ஏனென்றால் கோட்டைப் படி, வருகிறவனை நம்பாத படி.

கோயில் படி அப்படியா? கருவறைக்குப் போகிற படியில் ஒவ்வொரு கல்லும் ஒரே உயரம். இருபுறமும் யானை துதிக்கையை நீட்டியதுபோலக் கைப்பிடிச் சுவர். கிழவனுக்கும் அது கைகொடுக்கும், கர்ப்பிணிக்கும் அது கைகொடுக்கும். சற்றே செங்குத்தாக வைத்தான் சிற்பி. எதற்காக? ஏறுகிறவன் எவனாயினும் தலை நிமிர்ந்து ஏறமுடியாது. பட்டாடை உடுத்தியவனும் குனிவான், கோவணம் கட்டியவனும் குனிவான். தெய்வத்தின் முன்னே போய்க் குனிவதற்குள், கல்லின் முன்னே குனியப் பழக்கினான்.

இன்னொன்று சொல்கிறேன், கவனியுங்கள். இங்கே படிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை. ஏன்? வலது காலை எடுத்து முதற்படியில் வைத்தவன், அதே வலது காலால் கடைசிப் படியை மிதித்து மேலே போக வேண்டும். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று. நம் சின்னக்குன்று முருகனுக்குப் பதினொன்று.

எத்தனை? யாரோ ஒரு தாய் அங்கே பத்து என்கிறார். இல்லை அம்மா, பதினொன்று. நீங்கள் சொல்வது இப்போதைய கணக்கு. நான் சொல்வது இந்த ஆடி பிறப்பதற்கு முன்னால் இருந்த கணக்கு.

அந்தப் பதினொன்றில் முதற்படியை நினைவிருக்கிறதா? சொல்லுங்கள், நினைவிருக்கிறதா? அதன் மேற்புறத்தில் ஒரு மனிதன் குப்புற விழுந்து கும்பிட்டுக் கிடப்பான். இரண்டு கையும் தலைக்கு மேலே. முழ நீளம்கூட இருக்கமாட்டான். மூக்கும் முகமும் தேய்ந்து போயிருக்கும். அவன் காலடியில் ஒரு வரி எழுத்து: ‘காத்தான் சதாசேர்வை’. எப்போதும் இங்கே விழுந்து வணங்கிக்கொண்டிருக்கிறான் காத்தான் என்று பொருள். பெரிய கோயில்களின் தரையில் இப்படி உருவங்களைப் பார்த்திருப்பீர்கள். அடியார்களின் பாதம் தன்மேல் பட வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் செதுக்கிக்கொண்டது.

யார் இந்தக் காத்தான்? அரசனா? சீயமங்கலத்துக் குகையில் பல்லவ அரசன் தன் பெயரைத் தூணில் வெட்டி வைத்தான், கண்ணுக்கு நேரே, யாருடைய காலும் படாத உயரத்தில். காத்தான் அரசன் அல்லன். பணக்காரனும் அல்லன். அதோ கிழக்கே இருக்கிற சேரியில் பிறந்தவன். இந்தக் குன்றின் பாறையைப் பிளந்தவன், பிளந்ததைச் சுமந்தவன், சுமந்ததைச் செதுக்கியவன். பதினோரு படியையும் வெட்டி அடுக்கியவன். அடுக்கி முடித்த அன்று, “இனிமேல் நீ ஏறக்கூடாது” என்றார்களாம்.

என்ன நியாயம் பாருங்கள்! வேலை நடக்கிறவரை ஏறலாம். வியர்வை சிந்த ஏறலாம். விரல் நசுங்க ஏறலாம். விளக்கேற்றிய பிறகு ஏறக்கூடாது!

“கூலிக்கு மேலே என்ன வேண்டும்?” என்று கேட்டார்களாம். “ஏறத்தான் கூடாதுன்னுட்டீங்க. ஏறுறவங்க காலு கீழ கெடக்கவாவது உடுங்க” என்றானாம். சேரியில் இன்றும் சொல்கிற கதை இது. தலவரலாற்றில் தேடாதீர்கள், அங்கே பிழை மட்டும்தான் கிடைக்கும்.

அன்றிலிருந்து ஆண்டுதோறும் ஆடிக் கிருத்திகை அன்று காத்தான் வம்சத்தார் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டு வருவார்கள். அந்த முதற்படியைக் கழுவுவார்கள். மஞ்சள் பூசுவார்கள். நாலு பூ வைப்பார்கள். மேலே ஏறாமல், கீழே நின்றபடியே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கோயில் நுழைவுச் சட்டம் வந்து பதினேழு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது யாரும் தடுக்க முடியாது. ஆனாலும் இன்று அந்தக் குடும்பத்துக்கு மூத்தவரான சின்னப்பொண்ணு அம்மாள் அந்த ஒரு படியோடு நின்றுவிடுவார். “மேல வாங்களேன்” என்று குருக்களே ஒருமுறை அழைத்தார். அந்த அம்மாள் சொன்ன பதில் என் காதில் இன்னும் இருக்கிறது. “மேல இருக்கிறவருக்கு ஊரே இருக்குது சாமி. இவருக்கு நாங்கதான இருக்கிறோம்.”

இனி இந்த ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன். தலைவர் அவர்கள் நாற்காலியில் நெளிகிறார். நாற்காலி சரியில்லையோ என்னவோ.

நீங்கள் அமர்ந்திருக்கிறீர்களே, இந்த வழவழப்பான சிமெண்டுத் தளம், இது ஆடி முதல் வாரத்தில் போட்டது. பழைய தரை மேடுபள்ளமாக இருந்ததாம். அரை முழம் மண்ணைக் கொட்டி, ஜல்லியைக் கொட்டி, சிமெண்டைக் கொட்டித் தேய்த்தார்கள். தரை உயர்ந்தது. தரை உயர்ந்தால் என்ன ஆகும்? முதற்படி உள்ளே போகும். போயிற்று! காத்தானும் அதோடு போனான்! எத்தனையோ மழைக்கும் வெயிலுக்கும் கிடந்தவன், ஊரார் காலுக்கெல்லாம் கிடந்தவன், ஒரே நாளில் ஒரு கொத்துக் கரண்டியில் போனான்!

தளம் காய வேண்டும் என்று வைக்கோலைப் பரப்பி முற்றத்தை அடைத்தார்கள். குருக்கள் அதுவரை மடைப்பள்ளிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார். கிருத்திகை அன்று காலை வைக்கோலை வாரிவிட்டுத் திறந்தார்கள். குருக்கள் கிணற்றிலிருந்து அபிஷேகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார். முப்பது ஆண்டுப் பழக்கம். படியைப் பார்க்கமாட்டார், அவர் கால் எண்ணும். வலது காலை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பத்தாவது படிக்கு மேலே இன்னும் ஒரு படி இருக்கிறது என்று கால் தூக்கினார். இல்லை! இல்லாத படியை மிதித்தார். நிலைவாசலைப் பிடித்துக்கொண்டு தப்பினார் அவர். தப்பாதது குடம். பத்துப் படியும் உருண்டு கீழே வந்தது.

“பத்துதானே இருக்கு! பதினொண்ணாவது எங்கே போச்சு?” என்று மேலே நின்று கத்துகிறார் குருக்கள். குழுவினர் ஓடி வந்து எண்ணுகிறார்கள். மேலிருந்து எண்ணினால் பத்து. கீழிருந்து எண்ணினால் பத்து. ஒருவர் நிலைவாசலையும் சேர்த்துப் பதினொன்று என்றார். இன்னொருவர் தான் நின்ற இடத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு என்றார். சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். பிறகுதான் அந்த அம்மாளைப் பார்த்தேன்.

செம்போடு நின்றுகொண்டிருந்தார் சின்னப்பொண்ணு அம்மாள். வெறும் சிமெண்டின் மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். “ஏம்மா, புதுத் தளத்துல ஏன் தண்ணிய ஊத்துற? கறை புடிக்கும்” என்று அதட்டினார் ஒருவர். அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. மேலே நின்ற குருக்களைப் பார்த்தார். “பதினொண்ணாவது என் காலு கீழ இருக்குது சாமி” என்றார்.

குடத்துத் தண்ணீரும் அங்கேதான் வந்து தேங்கியது. நான் அதிசயம் சொல்ல வரவில்லை. தண்ணீர் தாழ்வான இடத்துக்குப் போகும். அவ்வளவுதான். தண்ணீருக்குத் தெரிந்தது தளம் போட்டவர்களுக்குத் தெரியவில்லை.

அந்த அம்மாளின் மகன் பாவாடை, நம் ஊர் கல்லுடைப்பவர், நாற்பத்தைந்து வயதுக்காரர், மறுநாள் தலைவர் வீட்டுக்குப் போனார். வாசலில்தான் நின்றார். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

“படி எங்கங்க போச்சு?” என்றார் பாவாடை.

“கீழதாண்டா இருக்குது. எங்கயும் ஓடிப் போவல.”

“தெரியுதுங்க. எடுத்துக் குடுங்க.”

“தளத்த ஒடைக்கச் சொல்றியா? அபசகுனம்டா.”

“கல்ல மூடுனது மட்டும் சகுனமாங்க?”

அதற்குத் தலைவரின் பதில் என்ன தெரியுமா? கதவு! கதவைச் சாத்திக்கொண்டார்.

சாத்திய கதவுக்குள்ளே குழு கூடியது. கூடிக் கண்டுபிடித்த பரிகாரம் என்ன? ஒரு படி குறைகிறது, ஆகவே ஒரு படி சேர்ப்போம்! அதோ, மேடைக்குப் பக்கத்தில் சாக்குப் போர்த்திச் சாத்தி வைத்திருக்கிறார்களே, அந்தச் சலவைக்கல். நாளைக் காலை அதைக் கீழே பதிப்பார்கள். எங்கே? காத்தான் கிடக்கிற இடத்துக்கு நேர் மேலே. கணக்குச் சரியாகிவிடும். குருக்களின் வலது கால் சரியாகிவிடும். காத்தான்? அவன் எந்தக் கணக்கில் வருகிறான்?

அந்தக் கல்லில் ராஜாராம் அவர்களின் பெயர் வெட்டியிருக்கிறது. தப்பில்லை. எங்கே வெட்டியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். மேற்புறத்தில் இல்லை, முகப்பில்! கால் படாத பக்கத்தில்! காத்தான் தன்னை மிதிபடச் செதுக்கினான். நாம் மிதிபடாமல் செதுக்குகிறோம். இரண்டும் படிதானா? இரண்டும் பக்திதானா?

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அந்தச் சலவைக்கல்லைப் பதிக்க யாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் தெரியுமா? ஊரில் கல்வேலை தெரிந்தவர் ஒருவர்தானே! பாவாடையைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்! அதோ மதிலோரம் கடப்பாரையும் சம்மட்டியுமாக நிற்கிறாரே, அவரைத்தான்! உன் பாட்டன் தலைமேல் நீயே கல்லை வை, வைத்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போ! இதைச் சொல்ல எப்படி ஐயா நாக்கு வந்தது? எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது இது? எந்தச் சட்டத்தில் இருக்கிறது இது?

ராஜாராம் அவர்கள் எழுந்து ஏதோ சொல்கிறார். கொஞ்சம் அமைதியாக இருங்கள். மைக்கில் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். “வாத்தியாரே, அடியில எழுத்து இருக்குதுன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலியே. ஒரு கல்லு கொறையுதுன்னாங்க, குடுத்தேன்” என்கிறார்.

நம்புகிறேன் ராஜாராம். உங்களிடம் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களில் ஒருவன் இந்த மைக்கின் முன்னால்தான் நிற்கிறான்.

ஆமாம். நான்தான். இதைச் சொல்லாமல் இறங்கிவிடலாம் என்றுதான் ஏறினேன்.

தளம் போட்ட அன்று மாலை பள்ளிக்கூடம் விட்டு இந்த வழியாகத்தான் போனேன். கையில் குடை, மனத்தில் கோபம். கொத்தனார் என்னைப் பார்த்துக் கரண்டியை நிறுத்தினார். “வாத்தியாரே, இந்தக் கல்லுல எழுத்து இருக்குது. இன்னா பண்றது?” என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நிறுத்து என்ற ஒரே ஒரு சொல். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் நான். அதன் கதை தெரிந்தவன் நான். நான் சொன்னது என்ன தெரியுமா? “என்னை ஏன் கேக்கிற? கமிட்டியப் போய்க் கேள்.” சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டேன்.

என்னைக் குழுவில் சேர்க்காதவர்கள் சீரழியட்டும் என்று நினைத்தேன். அவர்கள் சீரழியவில்லை. மாலை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சிமெண்டுக்குள் போனவன் காத்தான்! தளம் போட்டவர்களுக்கு எழுத்துத் தெரியாது. எனக்குத் தெரியும். அவர்கள் மூடியது சிமெண்டால். நான் மூடியது என் வன்மத்தால். இந்தக் கோயிலில் அபிஷேகக் குடம் உருண்டபோது சிரித்தேன் என்றேனே, அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

தலைவரிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. வாசிக்கிறேன். ‘நேரமாகிவிட்டது, முடிக்கவும்.’ முடிக்கிறேன் ஐயா. நேரம் ஆகித்தான் விட்டது. மைக்கை அணைக்கப் போகிறீர்களா? அணையுங்கள். நாற்பத்தெட்டு மாணவர்கள் கத்துகிற வகுப்பில், மைக் இல்லாமல் இருபத்தாறு ஆண்டுகள் பேசியவன் நான்.

தளத்தை உடைப்பது அபசகுனம் என்கிறீர்கள். உடைக்காமல் எழுந்த கோயில் ஒன்றைக் காட்டுங்கள்! பாறையை உடைத்துத்தானே படி வந்தது? கல்லை உடைத்துத்தானே தூண் வந்தது? குன்றை உடைத்த கைக்குச் சகுனம் பார்க்காதவர்கள், சிமெண்டை உடைக்கச் சகுனம் பார்ப்பதா? கருவறைக்குப் போகிற வழி மேலேயிருந்து தொடங்குவதில்லை. கீழேயிருந்து தொடங்குகிறது. முதற்படியை மூடிவிட்டு மேலே ஏறுகிறவன் மலை ஏறலாம், மாடி ஏறலாம், கோயில் ஏற முடியாது!

என்ன? “சலவக்கல்ல இன்னா பண்றது” என்கிறார் ராஜாராம். நல்ல கேள்வி. மடைப்பள்ளியில் போடுங்கள். குருக்கள் உட்கார்ந்து பூத்தொடுக்க ஆகும். அங்கேயும் உங்கள் பெயர் மிதிபடாது. கை தூக்குகிறாரா? சம்மதமா? நன்றி ராஜாராம். கொடுத்தவரே சம்மதித்துவிட்டார், தலைவரே. இனி உங்கள் மாலைகளின் சம்மதம் ஒன்றுதான் பாக்கி.

குருக்கள் ஏதோ சொல்கிறார். “எனக்குப் பதினோரு படி வேணும். பழைய படியா இருந்தா நல்லது” என்கிறார். கேட்டீர்களா? கேட்டீர்களா?

அதோ, சின்னப்பொண்ணு அம்மாள் எழுந்து நிற்கிறார். பேசுங்கள் அம்மா. எல்லோரும் கேளுங்கள்.

“வாத்தியாரே, பேசினது போதும். எறங்கி வா சாமி. எம்மவன் கையில கடப்பாற இருக்குது. நீ ஒரு பக்கம் புடி.”

இருபத்தாறு ஆண்டு சாக்கட்டி பிடித்த கை இது, அம்மா. கடப்பாரை பிடித்துப் பழக்கமில்லை. கொப்புளிக்கும். கொப்புளிக்கட்டும்.

தரையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, படிக்கு முன்னால் இருக்கிறவர்கள் சற்றே எழுந்து இடம் விடுங்கள். இவ்வளவு நேரம் நீங்கள் அவர்மேல்தான் உட்கார்ந்திருந்தீர்கள். அவர் கோபிக்கமாட்டார், அதற்காகத்தான் படுத்தார். பேச இடம் கொடுத்த தலைவருக்கு நன்றி, பேருந்தைத் தவறவிட்ட திண்டிவனத்துப் பேச்சாளருக்கு அதைவிட நன்றி. மதிலோரம் நிற்கிற சகோதரர்களே, இன்று ஒருநாள் முன்வரிசை உங்களுக்கு.

கடைசியில் சொல்கிறேன் என்று ஒரு வணக்கத்தைப் பாக்கி வைத்திருந்தேனே, அது காத்தானுக்கு. அதை மேடைமேல் நின்றுகொண்டு சொல்ல முடியாது. பாவாடை, அந்தப் பக்கம் பிடியுங்கள். இறங்குகிறேன்.